குங்குமத்திலும் சொம்பிலும் காரீயம்

மாங்காடு காமாட்சி அம்மனைத் தரிசித்துவிட்டுக் குங்குமம் வாங்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. மஞ்சளோடு வெண்காரம், படிகாரம், எலுமிச்சைச் சாறு சேர்த்துச் செய்ததென்றால் காரீய பயமில்லை. பளிச்சென்ற நிறத்துக்காகச் செவ்வீயம் என்ற காரீயச் சேர்மத்தைக் கலந்த பொடியில்தான் வில்லங்கம். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூஜெர்சியிலும் இந்தியாவிலும் வாங்கிச் சோதித்த 118 செந்தூர மாதிரிகளில் சுமார் 80 சதவீதத்தில் காரீயம் இருந்ததாக 2017-ல் தெரிவித்தார்கள்.

நெற்றித் தோல் வழியே இறங்குவது சொற்பம். பொடி ஒட்டிய விரலைக் குழந்தை வாயில் வைப்பதுதான் ஆபத்து. பெரியவர்களைவிட 4, 5 மடங்கு காரீயத்தைச் சிறுபிள்ளைகளின் உடல் உறிஞ்சிவிடும். மூளை வளர்ச்சி குன்றும், ரத்தசோகை வரும். இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்ல எந்த அளவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குங்குமம் எடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சோறு ஊட்டுங்கள்.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. (வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் 232 டிகிரியில் உருகிவிடும்!) மலிவாகக் கிடைப்பதில் காரீயம் கலந்திருக்கலாம், புளி அதைக் கரைத்து ரசத்தில் இறக்கும். தெரிந்த பாத்திரக் கடையில், பில்லோடு வாங்குங்கள்.

வீட்டுப் பெயின்ட்டிலும் காரீயம் உண்டு; இந்தியாவில் அதற்கு 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் அமலானது. அதனால் பழைய பெயின்ட் உள்ள கதவு, ஜன்னலை உலர்வாகச் சுரண்டாமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

கேழ்வரகு, கீரை என இரும்பும் கால்சியமும் உள்ள உணவு, காரீயம் உடலில் சேர்வதைக் குறைக்கும். சந்தேகமிருந்தால், ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கும் பரிசோதனை பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.