இணையதளம்: பாக்கியைத் தீர்க்கும் முன் பார்க்க வேண்டிய இரண்டு

கடைக்கு இணையதளம் அமைத்துத் தருபவருக்குப் பாக்கியைத் தீர்க்கும் முன் நாம் இரண்டைச் சோதிக்க வேண்டும்.

ஒன்று, முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்குகிறதா? கடைசி 'எஸ்' இருந்தால்தான் வாடிக்கையாளர் தரும் விவரங்களை வழியில் பிறர் படிக்க முடியாது. இல்லாத தளத்தை 2018 முதல் குரோம் உலாவி 'பாதுகாப்பற்றது' என்றே காட்டுகிறது. இதற்கான சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' இலவசமாகத் தருகிறது. தனிக் கட்டணம் கேட்டால் காரணம் கேட்போம்.

இரண்டு, விலைப்பட்டியல் எழுத்தாக உள்ளதா, படமாக உள்ளதா? பார்வையற்றவரின் கைப்பேசி எழுத்தை வாய்விட்டுப் படித்துச் சொல்லும். படமாக ஒட்டிய விலையில் தடுமாறும். படத்துக்கு மாற்றாக எழுத்தும் வேண்டும் என்று உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999-லேயே நெறி வகுத்துவிட்டது.

துவரம்பருப்பின் விலை தெரியாதவர் அடுத்த கடைக்குத்தான் போவார். வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது வியாபாரம் ஆகாது.