பெட்டி முதலில், காமிரா கடைசியில்

ஓராண்டுக்கு மேல் ஓடும் டைம்லேப்ஸ் வேலை கைக்கு வந்ததும் பலர் நேராகக் காமிரா கடைக்குப் போகிறார்கள். திருவனந்தபுரத்தில் அது சரிப்படாது. ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. ஆண்டு முழுவதும் உப்புக் காற்று, கோடை மழையோடு இடி மின்னல். நீங்கள் அடுத்த முறை ஏணி ஏறிப் போய்ப் பார்க்கும்வரை கருவி உயிரோடு இருக்குமா என்பதை வைத்தே எல்லாவற்றையும் வாங்க வேண்டும்.

முதலில் காலக் கணக்கு. இங்குள்ள விழிஞ்ஞம் துறைமுகப் பணி 2015 டிசம்பரில் தொடங்கியபோது, 1,000 நாளில் முடியும் என்று பேச்சு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அலைதடுப்புச் சுவரைப் பதம் பார்த்தது. முதல் பெரிய சரக்குக் கப்பல் சான் ஃபெர்னாண்டோ வந்து சேர்ந்தது 2024 ஜூலையில். திறப்பு விழா 2025 மே 2. அங்கே காலை 6 முதல் மாலை 6 வரை 10 நிமிடத்துக்கு ஒரு படம் என்று வைத்திருந்தால் நாளைக்கு 72, ஆண்டுக்கு 26,280. ஆயிரம் நாளுக்கு 72,000 படம்தானே, ஒரு காமிரா பாடி போதும் என்று தோன்றும். ஆனால் கப்பல் வருவதற்குள் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியிருக்கும். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டருக்குச் சொல்லப்படும் ஆயுள் சுமார் 1 லட்சம். அது நாலு வருஷம்கூடத் தாங்காது. வாடிக்கையாளர் சொல்லும் காலத்தை இரண்டால் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மிரர்லெஸ் வாங்கி எலக்ட்ரானிக் ஷட்டரில் ஓட்டினால் தேய்மானமே இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் இந்த ஊரில் கடல் மேற்கே. கடலைப் பார்த்து வைத்த காமிராவுக்குள் மாலை வெயில் நேராக இறங்கும். டிஎஸ்எல்ஆரில் படம் எடுக்காத நேரம் முழுக்கக் கண்ணாடி குறுக்கே நின்று சென்சாரைக் காக்கும். மிரர்லெஸ்ஸில் பல மாடல்களில் சென்சார் திறந்தே கிடக்கும். அணைத்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும் மாடலா என்று கேட்டு வாங்க வேண்டும். மேற்கு நோக்கிய வேலைக்கு என் ஓட்டு, ஒரே மாடலில் இரண்டு பழைய டிஎஸ்எல்ஆருக்கு. ஒன்று பெட்டியில், ஒன்று உங்கள் அலமாரியில். 4K வீடியோவுக்கு 8 மெகாபிக்சல் போதும் என்பதால் 24 மெகாபிக்சலே தாராளம்.

வெளிநாட்டுக் கையேடுகள் "வடக்கு நோக்கி வையுங்கள், வெயில் படாது" என்று சொல்லும். இந்த ஊர் 8.5 பாகை வடக்கில் இருக்கிறது; ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியனே நமக்கு வடக்கில்தான். எந்தத் திசையானாலும் பெட்டியின் முன்கண்ணாடிக்கு மேல் நீளமான மறைப்பு வேண்டும்.

இனிப் பெட்டி. பணத்தைக் கொட்ட வேண்டியது இங்கேதான். ஐபி66 தரத்தில், வெள்ளை நிறத்தில், முன்னால் நல்ல கண்ணாடியோடு வாங்குங்கள். திருகும் கிளாம்பும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதா இரும்பு கடலோரத்தில் சீக்கிரமே துருவேறி இறுகிவிடும், பிறகு பெட்டியைத் திறக்கவே முடியாது. உள்ளே சிலிக்கா ஜெல். மாற்றாமல் விட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். லித்தியம் பேட்டரியை வெயில் காயும் பெட்டிக்குள் வைக்காமல் டம்மி பேட்டரி போட்டு வெளியிலிருந்து மின்சாரம் கொடுங்கள். கேபிள் நுழையும் துளையை அடைக்க மறந்தால் எறும்பு குடிபுகும். கண்ணாடிக்கு முன்னால் வலை கட்டும் சிலந்திக்கு மட்டும் எனக்குத் தெரிந்து சரியான மருந்து இல்லை.

பெட்டியை எதில் மாட்டுகிறோம் என்பதும் கருவித் தேர்வுதான். வலியதுறைக் கடற்கரையை ஆக்குளத்தில் உள்ள தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் நிலையான வீடியோ காமிரா வைத்து ஆராய்ந்திருக்கிறது. பக்கத்துச் சங்குமுகத்திலும் தென்மேற்குப் பருவத்தில் மணல் போகும், பிறகு திரும்பும், சில ஆண்டுகளில் சரியாகத் திரும்பாது. டைம்லேப்ஸுக்கென்றே அமைந்த காட்சி. ஆனால் 1956இல் கட்டிய வலியதுறைக் கடல்பாலமே 2021 மே மாதம் டவ்தே புயலில் சாய்ந்து, 2024இல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. படம் பிடிக்கும் பொருளோடு சேர்ந்து அசையக்கூடிய எதிலும் காமிராவை மாட்டாதீர்கள்.

மின்சாரத்தை அதிகம் தின்பது காமிரா அல்ல, 4ஜி மோடம். 5 வாட் மோடம் நாள் முழுக்க எரிந்தால் 120 வாட்-மணி. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பதோ 84. நாளைக்குக் கால்மணி நேரம் மட்டும் மோடம் உயிர்பெற்று ஒரு சிறிய படத்தை அனுப்பினால் போதும். சோலார் பேனல் ஒரு வாரம் பெரிதாக எதுவும் தராது என்று வைத்து பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள். ஜூனில் அது நடக்கும். மின்னலுக்கு சர்ஜ் புரொடெக்டர்.

குறித்த இடைவெளியில் படம் எடுக்க வைக்கும் இன்டர்வலோமீட்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள். பனிப்பாறைகள் உருகுவதைப் பதிவுசெய்ய 2007இல் புகைப்படக் கலைஞர் ஜேம்ஸ் பேலாக் தொடங்கிய திட்டத்தில் நிக்கான் டி200 காமிராக்களைப் பனிவெளியில் நட்டார்கள். முதல் கட்டத்தில் பெரிதும் காலை வாரியது நேரத்தைக் கட்டுப்படுத்தும் கருவிதான். காமிரா உறைந்து நின்றால் மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுக்கத் தெரிந்த கட்டுப்பாட்டுக் கருவியாகப் பாருங்கள்.

லென்ஸுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம்: ஜூம் இல்லாத 24 அல்லது 28 மில்லிமீட்டர், மேனுவல் ஃபோகஸ், வளையத்தின் மேல் டேப்.

வாடிக்கையாளரிடம் பணமே இல்லையா? ஆஸ்திரேலியாவில் 2017இல் தொடங்கிய கோஸ்ட்ஸ்நாப் திட்டத்தில் கடற்கரையில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தாங்கி மட்டும் நிற்கிறது. போகிற வருகிறவர்கள் அதில் தங்கள் ஃபோனை வைத்து எடுத்து அனுப்புகிறார்கள். மணல் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க அதுவே உதவுகிறது.

கொட்டேஷனில் மாதாமாதம் கண்ணாடி துடைக்கப் போகும் செலவைத் தனி வரியாகப் போடுங்கள். மழைக்காலத்தில் மாதம் இரண்டு முறை. மாற்றுப் பாடிக்கு இன்னொரு வரி. துறைமுகம், விமான நிலையம் பக்கமென்றால் அனுமதிக் கடிதம் வாடிக்கையாளர் பொறுப்பு என்று எழுதி, அது கைக்கு வந்த பிறகு காமிரா கடைக்குப் போங்கள்.