ஃபைபர் பாடி காரும் புதிய சைலன்சரும்

ரயில்வேயில் டீசல் இன்ஜின் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின் காரக்கோணத்தில் குடியிருக்கிறேன். பழைய கார்களை வாங்கிப் புதுப்பிக்கும் ஆசை உள்ள நம் பிள்ளைகள் சிலர் அவ்வப்போது என்னிடம் சந்தேகம் கேட்க வருவார்கள். சென்ற மாதம் ஒரு தம்பி, "சாரே, ஃபைபர் பாடி காருக்கு வெளியே வாங்கின சைலன்சர் மாட்டலாமா?" என்று கேட்டார். மாட்டலாம். ஆனால் இரும்பு பாடி காருக்குச் செய்வது போலச் செய்யக் கூடாது. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் நாட்டில் ஃபைபர் கார்களுக்குப் பெயர் பெற்ற ஊர் பெங்களூர். மூன்று சக்கர 'பாதல்' காரும், 1982-இல் வந்த சிபானி 'டால்பின்' காரும் அங்கே உருவானவை. டால்பின், இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரைத் தழுவியது, 848 சி.சி. இன்ஜின் கொண்டது. 1998-இல் 'சான் ஸ்டார்ம்' என்ற இரண்டு இருக்கைக் கார் வந்தது. இவை எல்லாம் உற்பத்தி நின்று போனவை. கம்பெனி சைலன்சர் கிடைக்காததால் களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ வேறு வண்டியின் சைலன்சரை வாங்கிப் பொருத்த வேண்டியிருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஃபைபர் என்று நாம் சொல்வது கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்தது. பொழியூர், விழிஞ்ஞம் கடற்கரையில் படகுக்கு ஒட்டுப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கண்ணாடி இழை தீப்பற்றாது. அதைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் எரியும். சாதாரண ரெசின் 70, 80 டிகிரி செல்சியஸிலேயே விறைப்பை இழக்கத் தொடங்கிவிடும். இன்ஜினை ஒட்டிய மேனிஃபோல்டில் வெளிவரும் புகையோ, முழுச் சுமையில் 700 டிகிரியைத் தாண்டும். பின்னால் போகப் போகக் குறைந்தாலும், சைலன்சரின் மேல்தகடு 200 டிகிரிக்கு மேல் இருப்பது சாதாரணம்.

இரும்புத் தகடு வெப்பத்தை நான்கு பக்கமும் பரப்பிவிடும். ஃபைபர் பரப்பாது. சூடுபட்ட இடத்திலேயே சூடு தேங்கி நிற்கும். முதலில் நாற்றம், பிறகு பழுப்பு நிறம், பிறகு இளக்கம், கடைசியில் கரும்புகையோடு தீ. மேலே மிதியடி விரித்திருந்தால் உள்ளே இருப்பவருக்கு நாற்றம் வரும்வரை ஒன்றும் தெரியாது.

1. வெப்பத்துக்கு இடைவெளி

குழாய்க்கும் ஃபைபருக்கும் நடுவே குறைந்தது 75 மி.மீ. இடைவெளி வைப்பது என் கணக்கு. அதற்கு இடமில்லை என்றால் நடுவே அலுமினியத் தகடு கொடுங்கள். தகட்டை ஃபைபரில் ஒட்டிவிட்டால் பயன் இல்லை. சிறு குழாய்த் துண்டுகளை வைத்து 10 முதல் 15 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள். தகட்டின் இரு பக்கமும் காற்று ஓட வேண்டும். காப்பது தகடும் காற்றும் சேர்ந்துதான்.

பெட்ரோல் குழாய் 35 மி.மீ.க்குள் வரக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 113-ஆம் விதி சொல்கிறது. ஃபைபர் காரில் அதைப் போல இரண்டு மடங்கு வையுங்கள்.

வால் குழாயின் முனை பாடியைத் தாண்டி 30 முதல் 50 மி.மீ. வெளியே நீள வேண்டும். அமெரிக்காவில் 1953-இல் ஃபைபர் பாடியோடு வந்த கார்வெட் காரில் புகை சுழன்று பின்பக்கத்துப் பெயின்ட்டில் கறை படிந்தது. 1954 மாடலில் குழாய் முனையை நீட்டினார்கள்.

2. விரிவுக்கு இடைவெளி

13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 4.7 மி.மீ. நீளும். இரண்டரை மீட்டர் சைலன்சர் குழாய் சராசரியாக 250 டிகிரி சூடேறினால் 7.5 மி.மீ. நீளும். தண்டவாளத்தில் ஐந்தில் ஒரு பங்கு நீளம்தான். நீள்வதோ அதைவிட அதிகம். ஸ்டெயின்லெஸ் குழாய் என்றால் இன்னும் கூடும்.

ஆகவே குழாயை இறுக்கிக் கட்டாதீர்கள். ரப்பர் தொங்கலில் விடுங்கள். அந்தத் தொங்கலை ஃபைபரில் மாட்டாமல் சேசிஸில் மாட்டுங்கள். ஃபைபரில் துளை போட்டு போல்ட் இறுக்கினால் அதிர்வில் துளை பெரிதாகி, ஒரு நாள் சைலன்சர் மேலே சாய்ந்து பாடியைத் தொடும். வேறு வழியே இல்லையென்றால் இரு பக்கமும் அகலமான இரும்புத் தகடு வைத்து இறுக்குங்கள். பின்பக்கத் துளையில் குழாயைச் சுற்றி இரண்டு விரல் இடம் விடுங்கள்.

3. புகைக்கு இடைவெளி கூடாது

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் என்று வரும். பயணக் களைப்பு என்று நினைத்துப் பின் இருக்கையில் பிள்ளைகளைத் தூங்க விட்டுவிடுவோம். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

பழைய ஃபைபர் காரில் வயர் போன துளை, விரிந்த ஒட்டு, காய்ந்த டிக்கி ரப்பர் எல்லாம் புகைக்கு வழி. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புகை திரும்பி உள்ளே வரும். எல்லாத் துளைகளையும் அடையுங்கள். டிக்கி ரப்பரைப் புதிதாக மாற்றுங்கள். கேஸ்கட்டைப் பழையதே போதும் என்று விடாதீர்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கையுறையோடு ஈரத் துணியால் வால் குழாயைச் சில நொடி மூடிப் பாருங்கள். இணைப்புகளில் 'உஸ்' சத்தம் கேட்டால் கசிவு இருக்கிறது. இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பூட்டிய ஷெட்டில் வேண்டாம்.

4. வேலை செய்யும் முறை

வெல்டிங் எதுவானாலும் குழாயைக் கழற்றி வெளியே எடுத்துச் செய்யுங்கள். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு வெல்டிங் வைக்க விடாதீர்கள். ஒரு பொறி போதும். ஃபைபரில் துளை போடும்போது மூக்குக்கு முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். ஃபைபரில் மின்சாரம் ஓடாது. எனவே இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டையையும் அப்போதே சரிபாருங்கள்.

5. சோதனை

ரயில் நின்றதும் ஆக்சில் பெட்டியில் கை வைத்துச் சூடு பார்ப்பது எங்கள் பழைய வழக்கம். அதே முறை இங்கும் உதவும். அரை மணி நேரம் ஓட்டி நிறுத்துங்கள். உடனே பார்த்தால் போதாது. ஓட்டம் நின்றால் காற்றும் நிற்கும்; சூடு இன்னும் ஏறும். பத்து நிமிடம் கழித்து மிதியடியைத் தூக்கி, சைலன்சருக்கு மேலே உள்ள தரையில் உள்ளங்கையை வையுங்கள். வைத்த கையை எடுக்க வேண்டியிருந்தால் இடைவெளி போதவில்லை. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் இரண்டு முறையாவது இப்படிப் பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. சத்தம், புகை வரம்பை மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். லைசென்சும் மூன்று மாதம் போகும். எனவே பழையதன் அளவும் அமைதியும் உள்ள சைலன்சரையே தேடுங்கள். உறுமல் சத்தம் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளிடம் பெற்றோர் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

பட்டறைக்காரர் அவசரப்படுத்தினாலும் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நீங்களே பார்த்த பிறகு குடும்பத்தை அந்தக் காரில் ஏற்றுங்கள்.