தமிழறிவோம்: பேச்சு வழக்கை விசாரிக்கும் முறை

மும்பையில் தமிழர் இருவர் சந்தித்தால் "சொந்த ஊர் எது?" என்பதே முதல் கேள்வி. அயலூரில் அது உறவு தேடும் கேள்வி, தவறில்லை. ஆனால் ஒருவர் பேசுவதைக் கேட்டுவிட்டு விசாரிக்கும்போது சற்றுக் கவனம் தேவை. நம் ஞாயிறு வகுப்பில் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இதைப் பாடமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. வட்டார வழக்கு பிழையன்று. பன்னிரு நிலங்களில் வழங்கும் சொற்களைத் 'திசைச்சொல்' எனப் பெயரிட்டு, செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் வைத்தது. நம் காலத்தில் கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களுக்கும், பெருமாள்முருகன் கொங்குச் சொற்களுக்கும் அகராதி தந்துள்ளனர். ஆகவே மதுரைக்காரரின் "அங்கிட்டு", கோவைக்காரரின் "ஏனுங்க", தண்ணீரைக் குறிக்கும் குமரி மாவட்டத்தாரின் "வெள்ளம்" எல்லாமே நல்ல தமிழ்தான்.

இனி, கேட்கும் முறை.

1. ஆளை விசாரிக்காமல் சொல்லை விசாரியுங்கள். "உங்க தமிழ் ஏன் இப்படி இருக்கு?" என்றால் எதிரில் இருப்பவர் கூசிப்போவார். "நீங்க வெள்ளம்னு சொல்றதை எங்க பக்கம் தண்ணின்னு சொல்வோம்" என்று உங்கள் சொல்லை முதலில் வையுங்கள். அவரே மேலும் பத்துச் சொற்கள் தருவார்.

2. பேசிக் காட்டாதீர்கள். திரைப்படத்தில் சிரிப்பூட்டும் இழுவை, வீட்டுக்கு வந்த விருந்தினர் முன் ஏளனமாகிவிடும்.

3. ஊரோடு நிறுத்துங்கள். இதுவே முக்கியம். நம் பேச்சில் ஊர் மட்டுமல்ல, சாதியும் ஒலிப்பதுண்டு. "திருநெல்வேலியா? அங்கே எந்த ஊர்? எந்தத் தெரு?" என்று போனால், மூன்றாம் கேள்வி மொழியைப் பற்றியது அல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். இதற்கு அஞ்சியே சிலர் பிள்ளைகளிடம் வீட்டு வழக்கைப் பேசாமல் விடுகிறார்கள். பாட்டியின் சொற்கள் ஒரே தலைமுறையில் போய்விடுகின்றன.

4. இங்கே வளரும் குழந்தைகளின் தமிழில் இந்தி வாடை வீசலாம். நால்வர் முன் திருத்த வேண்டாம். திருத்தினால் அடுத்த முறை இந்தியிலேயே பதில் சொல்லும்.

இம்மாதப் பயிற்சி: பிள்ளைகள் தம் தாத்தா பாட்டியிடம் ஐந்து வீட்டுச் சொற்களைப் பொருளோடு கேட்டு எழுதிவரட்டும். ஊர்ப் பெயர் போதும், வேறெதுவும் வேண்டாம்.