பனி கொட்டினால் சம்பளம் வருமா?

2009 பிப்ரவரி 2 அன்று பனியால் லண்டன் பேருந்துகள் அடியோடு நின்றன. அப்படியொரு நாள் வந்தால், பிரிட்டனின் பல்கலைக்கழக ஊழியர்களே:

1. வளாகத்தை மூடிவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். நீங்கள் வேலைக்குத் தயாராக இருந்தும் மூடினால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை சம்பளம் பொதுவாக உண்டு. வளாகம் திறந்திருந்து, ரயில் ஓடாததால் போக முடியாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை சட்டப்படி சம்பளம் கேட்க முடியாது. வீட்டிலிருந்து வேலை செய்ய உடனே அனுமதி கேளுங்கள்.

2. மூடல் அறிவிப்பைச் சேமித்து வையுங்கள். பின்னால் அதுவே சான்று.

3. மணிநேரக் கூலிக்கு வேலை செய்பவர்களே, துப்புரவுப் பணியாளர்களே, உங்கள் ஒப்பந்தத்தை இன்றே படியுங்கள். சம்பளம் தருவது வெளி நிறுவனமாக இருக்கலாம்.

4. பிள்ளையின் பள்ளி திடீரென மூடினால் அவசர விடுப்பு கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் சம்பளம் கட்டாயமில்லை.

சம்பளத்தில் தவறாகப் பிடித்தம் செய்தால் சும்மா இருக்காதீர்கள். பணியிட உரிமைகள் பற்றி ஆலோசனை தரும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண்: 0300 123 1100.