உணர்ச்சியற்ற தேமலும் வகுப்பாசிரியரின் பார்வையும்

ஆண்டுதோறும் ஜனவரி 30 அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தொழுநோய் ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறோம். மற்ற நாள்களில் வகுப்பாசிரியர் என்ன செய்யலாம் என்பதை என் பள்ளி அனுபவத்திலிருந்து பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். பனியன் நிறுவனங்களில் வேலை செய்யும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா குடும்பங்களின் குழந்தைகள் எங்கள் பள்ளியில் படிக்கின்றனர். தொழுநோய் அதிகம் காணப்படும் மாநிலங்களில் இவையும் அடங்கும். இக்குடும்பங்கள் அடிக்கடி இடம் மாறுவதால், ஓரிடத்தில் நடக்கும் மருத்துவப் பரிசோதனை இவர்களுக்கு எளிதில் தவறிவிடுகிறது. பள்ளிதான் இவர்களைத் தொடர்ந்து பார்க்கும் இடம்.

நாம் அறிய வேண்டியவை

உலக சுகாதார நிறுவனத்தின் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் தொழுநோயும் உள்ளது. இதற்குக் காரணமான பாக்டீரியாவை 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். இது மிக மெதுவாகப் பெருகும் கிருமி. உடலில் புகுந்து அறிகுறி தெரிவதற்குச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகலாம். சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகலாம். பெரும்பாலானோருக்கு இதை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. இது பரம்பரை நோயும் அல்ல.

2005ஆம் ஆண்டு இறுதியில் தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே தொழுநோய் குறைந்தது. ஆனாலும் உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியாவில்தான் உள்ளனர். தமிழ்நாட்டிலும் ஒவ்வோர் ஆண்டும் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகின்றனர். எனவே இதை "வெளியூர்க்காரர் கொண்டுவந்த நோய்" என்று சொல்வது தவறு.

எதைக் கவனிப்பது?

சுற்றியுள்ள தோலைவிட வெளிறிய அல்லது சிவந்த தேமல். அதில் அரிப்பு இல்லை, வலி இல்லை, தொடு உணர்வும் இல்லை. வலிக்காததால் குழந்தை நம்மிடம் சொல்லாது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியிருத்தல், பென்சிலைப் பிடிக்க முடியாமை, நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்றுவிடுதல், சுட்ட காயம் இருந்தும் வலி தெரியாமை ஆகியவையும் நரம்பு பாதிப்பின் அடையாளங்களாக இருக்கலாம்.

குழந்தைகளிடம் காணப்படும் பெரும்பாலான தேமல்கள் தொழுநோய் அல்ல. எது என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. கவனித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிப்பதே நம் வேலை.

எங்கள் பள்ளியில் கடைப்பிடிப்பவை

முதலாவதாக, மருத்துவக் குழு வரும்போது வகுப்பிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் தோல் பரிசோதனை நடைபெறும். இந்தி பேசும் குழந்தைகளை மட்டும் தனியே நிறுத்தினால், மறுநாள் அவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கு வரமாட்டார்கள். பெற்றோருக்கும் வேலை போய்விடும், வாடகை அறையைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற அச்சம் உண்டு.

இரண்டாவதாக, "குஷ்டம்" என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை. தமிழிலும் இந்தியிலும் அச்சொல் வசையாகவே ஒலிக்கிறது. பெற்றோரிடம் "தோல் பரிசோதனை" என்றே பேச்சைத் தொடங்குகிறோம். தமிழும் இந்தியும் அறிந்த ஒரு தாய் எங்களுக்கு மொழிபெயர்த்து உதவுகிறார். குறிப்பிட்ட ஒரு குழந்தையைப் பற்றிய பேச்சுக்கு மட்டும் அவரை அழைப்பதில்லை. சுகாதாரப் பணியாளரையே பேசச் சொல்கிறோம்.

மூன்றாவதாக, நோய் உறுதியானால் அச்செய்தி பெற்றோர், தலைமையாசிரியர், வகுப்பாசிரியர் ஆகியோரைத் தாண்டிப் போகக் கூடாது.

ஜார்க்கண்டிலிருந்து வந்த நான்காம் வகுப்பு மாணவன் ஒருவனின் முழங்கைக்கு மேல் வெளிறிய தேமல் இருந்தது. பிறவியிலேயே உள்ளது என்றார் அவன் தாய். பரிசோதனையில் தொழுநோயின் தொடக்க நிலை என்று தெரிந்தது. கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். மருந்து தொடங்கியதும் விரைவிலேயே பிறருக்குப் பரவும் தன்மை நீங்கிவிடுவதால், அவன் வழக்கம்போல் வகுப்புக்கு வந்தான். அதே இருக்கையில் அமர்ந்தான்.

நான்காம் மாதம் குடும்பம் ஊருக்குப் புறப்பட்டது. இதுதான் புலம்பெயர்ந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை அறுந்துபோகும் இடம். தந்தை விடுப்பு சொல்ல வந்தபோதே சுகாதாரப் பணியாளருக்குத் தகவல் கொடுத்தோம். சிகிச்சை விவரம் எழுதிய அட்டையும், மீதி மாதங்களுக்கான மருந்து அட்டைகளும் அவர் கையில் கிடைத்தன. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தவன் காலி மருந்து அட்டைகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து காட்டினான். இன்று அவனுக்கு எந்த ஊனமும் இல்லை.

சில குழந்தைகளுக்கு மருந்தினால் தோல் கருக்கலாம். சிறுநீர் சிவந்து போகலாம். சிகிச்சை முடிந்தபின் தோலின் நிறம் மெல்ல மெல்ல இயல்புக்குத் திரும்பும். இதை முன்பே சொல்லிவிட்டால் பெற்றோர் பயந்து மருந்தை நிறுத்தமாட்டார்கள். நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யும் பேச்சை வகுப்பில் நாம்தான் தடுக்க வேண்டும்.

அறிவியல் பாடத்தில் உணர் உறுப்புகள், நுண்ணுயிரிகள் பற்றிக் கற்பிக்கும்போது இச்செய்திகளை இயல்பாகச் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழோ விடுப்போ கேட்டு ஒரு புலம்பெயர்ந்த பெற்றோர் வரும்போது, "குழந்தை ஏதேனும் மருந்து சாப்பிடுகிறதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு கை மடங்காமல் இருக்க அக்கேள்வி உதவலாம்.