விருந்தாளியா, வீட்டுப் பிள்ளையா?

இந்த மாதப் பாடம் விருந்தோம்பல். "அது தெரியும் லா அக்கா, யார் வந்தாலும் தண்ணி கொடுக்கணும், சாப்பாடு போடணும்" என்று நீங்கள் சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. சரி, வந்தவர் பத்து மாதம் தங்கினால் என்ன செய்வீர்கள்?

நான் படிவம் 4 படித்தபோது எங்கள் வீட்டுக்கு ஜப்பானிலிருந்து ஒரு மாணவி வந்தாள். என் வயதுதான். ஆகஸ்டில் வந்தாள், அடுத்த ஜூனில் திரும்பிப் போனாள். மாணவர் பரிமாற்றத் திட்டம் என்பார்கள். வேறொரு நாட்டுப் பிள்ளை ஒரு குடும்பத்தோடு தங்கி, அங்குள்ள பள்ளிக்கூடத்துக்கே போய்ப் படிக்கும். இதில் பழைய அமைப்புகளில் ஒன்று ஏ.எஃப்.எஸ். முதல் உலகப் போரில் காயப்பட்ட வீரர்களை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிடமிருந்து தொடங்கியது அது. இரண்டாவது போரும் முடிந்த பிறகு, சண்டை போட்ட நாடுகளின் பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் இருந்து சாப்பிட்டால் நல்லது என்று நினைத்து, 1947-ல் பள்ளி மாணவர்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். இப்போது பல அமைப்புகள் இதைச் செய்கின்றன.

ஏற்றுக்கொள்ளும் குடும்பத்துக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. சாப்பாடும் ஒரு கட்டிலும் நாம் கொடுக்க வேண்டும். தனி அறை கட்டாயமில்லை, என் அறையில்தான் இரண்டாவது கட்டில் போட்டோம். அவளுடைய கைச்செலவுக்கு அவள் அப்பா அம்மா அனுப்புவார்கள். பிரச்சினை வந்தால் பேச அந்தத் திட்டத்திலிருந்து ஒரு தன்னார்வலர் இருப்பார். எங்களுக்கு ஒரு சீன ஆன்ட்டி.

பாரத்தில் கையெழுத்துப் போட்டது அப்பா. ஆனால் பள்ளி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தது, கேன்டீனில் எது காரம் என்று சொன்னது, ராத்திரி அவள் தூங்காமல் புரண்டதைக் கேட்டது எல்லாம் நான். இப்படி ஒரு பிள்ளை வந்தால் பாதிப் பொறுப்பு அந்த வீட்டு இளையவர்கள் தலையில்தான். அதனால்தான் இந்தப் பாடத்தை உங்களுக்கு எழுதுகிறேன், உங்கள் அம்மாவுக்கு அல்ல.

முதல் இரண்டு மாதம் நாங்கள் அவளைத் தாங்கு தாங்கு என்று தாங்கினோம். ஃபேனுக்குக் கீழே இருக்கும் நாற்காலி அவளுக்கு. தட்டைக் கழுவப் போனால் அம்மா பிடுங்கிக்கொள்வார். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சோறு வைத்துக்கொண்டே இருப்பார். அவள் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வார்த்தை வணக்கம் இல்லை, "போதும்". என்னை அம்மா தினமும் திட்டுவார், அவளைப் பார்த்தால் சிரிப்பார். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

நாங்கள் செய்தது சமயத்தில் சொன்னபடிதானே என்று கேட்பீர்கள். தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில், படிப்பு முடித்துப் போகும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லும் அறிவுரை வருகிறது. தாய், தந்தை, ஆசிரியர், இந்த மூவரோடு அதிதியையும் தெய்வமாகப் பார்க்கச் சொல்கிறார். பெரியபுராணத்தில் இளையான்குடிமாற நாயனார் கதை உங்களுக்குத் தெரியும். வறுமை, மழை, நடு ராத்திரி. வந்த சிவனடியாருக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றுமில்லை. மனைவி சொன்ன யோசனைப்படி, அன்றைக்குப் பகலில் விதைத்த நெல்லையே இருட்டில் போய் வாரி வந்தார். விறகுக்கு வீட்டுக் கூரையின் கட்டையை வெட்டினார். கறிக்குத் தோட்டத்துக் கீரை. வகுப்பில் இந்தக் கதையை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்த விருந்து ஒரு ராத்திரி. 'அதிதி' என்ற சொல்லுக்கே 'திதி இல்லாதவர்' என்று பொருள் சொல்வார்கள். நாள் குறிக்காமல் வந்து, நாள் குறிக்காமல் போகிறவர். எங்கள் வீட்டுக்கு வந்தவளோ போக வர டிக்கெட்டோடு, பத்து மாதத்துக்கு வந்தவள். பத்து மாதமும் ஒரு பிள்ளையைத் தெய்வமாகவே உட்கார வைத்தால் அது எங்கே போய் உட்காரும், யாரோடு பேசும்? இதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

செப்டம்பரில் ஒரு நாள். வீட்டுக்குள் போடும் மெத்துச் செருப்பு ஒன்றை அவள் ஜப்பானிலிருந்து கொண்டுவந்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டே பூஜை அறைக்குள் போய்விட்டாள். பாட்டி விளக்கேற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார், முகம் ஒரு மாதிரி ஆனது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாவம், தெரியாத பிள்ளை, விருந்தாளி, எப்படிச் சொல்றது" என்று என்னிடம் பின்னால் சொன்னார். நானும் அவளிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே வரவில்லை. சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் வெளியே போய்ப் பின்வாசல் வழியாக வருவாள். "அவளுக்குச் சாமி விஷயத்தில் இஷ்டமில்லை போல" என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். மூன்று வாரம் கழித்து அந்தச் சீன ஆன்ட்டி வீட்டுக்கு வந்தார். அப்பா அம்மாவை உட்கார வைத்து மெதுவாகச் சொன்னார். அந்தப் பிள்ளை ராத்திரியில் அழுகிறாள். பாட்டிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை, ஏன் என்று தெரியவில்லை என்கிறாள். இந்த வீட்டில் யாரும் தன்னைத் திட்டுவதில்லை, வேலை சொல்வதில்லை, ஹோட்டலில் இருப்பது போல இருக்கிறது, வேறு குடும்பத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்கிறாள்.

அம்மா அழுதுவிட்டார். சோறு போட்டதில் குறையே வைக்கவில்லையே!

அனிச்சப் பூ வாட வேண்டுமென்றால் மோந்து பார்க்க வேண்டும், விருந்தினர் வாட நம் முகம் மாறினாலே போதும் என்று 90-வது குறளில் வள்ளுவர் சொல்கிறார். விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசிக் குறள் அது. நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது. அந்த அதிகாரத்தைப் படித்து நாம் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், முகத்தை விட்டுவிடுகிறோம். பாட்டி கெட்டவர் இல்லை. மரியாதைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டார். வாயை மூடலாம், முகத்தை மூட முடியுமா?

அன்று சாயங்காலமே பாட்டி அவள் கையைப் பிடித்துப் பூஜை அறை வாசலுக்குக் கூட்டிப் போனார். செருப்பைக் காட்டி, "இங்கே வேண்டாம்மா" என்றார். நான் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜப்பானில் தாதாமி என்று ஒரு பாய் விரித்த அறை இருக்கும். அதில் வீட்டுச் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் கால் வைப்பார்களாம். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. ஒரு நிமிஷ வேலைக்கு மூன்று வாரம் அழுகை.

அதற்குப் பிறகு வீடு மாறியது. துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. அப்பளம் பொரிப்பதும் அவள்தான், பாதி கருகும். வெள்ளிக்கிழமை சைவம், வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது, வெளியே நீ என்ன சாப்பிடுகிறாய் என்பது உன் இஷ்டம் என்று அப்பா தெளிவாகச் சொன்னார். இதையெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் புறப்பாட நடவடிக்கை முடிந்து, வாட்ஸ்அப் கூடப் போடாமல் இருட்டிய பிறகு வந்தாள். அம்மா எனக்குக் கொடுக்கும் அதே அளவு அர்ச்சனை கொடுத்தார். அன்று ராத்திரி அவள் வீடியோ காலில் ஏதோ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். "அம்மா இன்னைக்கு என்னைத் திட்டினாங்கன்னு எங்க அம்மாகிட்ட சொன்னேன்."

இனி சமயம். ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். வந்த பிள்ளையை நம் சமயத்துக்கு இழுக்கக் கூடாது. கேட்காமல் நெற்றியில் விபூதி வைக்கக் கூடாது. கோயிலுக்கு வருகிறாயா என்று கேட்கலாம், வரவில்லை என்றால் முகத்தைத் தூக்கக் கூடாது. அதே சமயம், அவள் என்ன நினைப்பாளோ என்று விளக்கேற்றாமல் இருப்பதும் தேவையில்லாத வேலை.

நவராத்திரிக்கு அவளாகவே வந்து உட்கார்ந்தாள். சரஸ்வதி படத்தைப் பார்த்ததும், "இது பென்சைதென்!" என்றாள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போன சரஸ்வதியைத்தான் அங்கே அந்தப் பேரில் கும்பிடுகிறார்கள். கையில் வீணைக்குப் பதிலாக பீவா என்ற நரம்பு வாத்தியம். பாட்டி அந்தப் படத்தை போனில் ரொம்ப நேரம் பார்த்தார். "நம்ம அம்மா அங்கேயும் போயிருக்கா" என்றார்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை. 272 படியும் ஏறி இறங்கினாள். கீழே வந்து கேட்டாள், "காவடி எதற்காக? ஏன் அந்த வடிவம்?" நான் பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் போகிறேன். என் பதில், "அது எங்க கல்ச்சர்." அவள் தலையாட்டினாள், நோட்டுப் புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் சாதாரணமானதில்லை. பாட்டியிடம் போய்க் கேட்டேன். இடும்பன் கதையை அன்றுதான் முழுசாகக் கேட்டேன். அகத்தியர் சொல்படி இரண்டு மலைகளை ஒரு தண்டில் இரண்டு பக்கமும் கட்டித் தோளில் தூக்கி வந்தவன் பழனியில் முருகனோடு மோதி, தோற்று, பக்தனாகி வாங்கிய வரம்தான் காவடி. தாத்தா எந்த நேர்த்திக்கடனுக்காக மூன்று வருஷம் காவடி எடுத்தார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அப்பாவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டு பிழைத்ததாம். ஒரு ஜப்பான்காரி கேட்காமல் இருந்திருந்தால் எங்கள் வீட்டுக் கதை எனக்கே வந்திருக்காது.

அடுத்த வார வகுப்புக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லாரும் கடைப்பிடிக்கிற வழக்கங்களை ஒரு தாளில் எழுதுங்கள். செருப்பு, சாப்பாடு, தீட்டு, கிழமை, யார் முதலில் சாப்பிடுவது, எதுவானாலும் சரி. வெளியிலிருந்து ஒரு பிள்ளை வந்து "ஏன்?" என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாதவற்றுக்கு வட்டம் போடுங்கள். பிறகு வீட்டில் யாரிடமாவது கேட்டுவிட்டு வாருங்கள். அவள் போன வாரம் நானும் ஒரு தாள் எழுதினேன். 11 வழக்கம், 7 வட்டம். இன்னும் இரண்டுக்குப் பதில் கிடைக்கவில்லை, வகுப்பில் உங்களிடம் கேட்கிறேன்.